பவர் ஸ்டீரிங் விளக்கு எரிந்தால் ஸ்டீரிங்கையே மாற்ற வேண்டுமா?

காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், வண்டியின் கம்பெனி எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

2014 மாடல் சிறிய பெட்ரோல் கார், 71,000 கிலோமீட்டர் ஓடியது. ஐந்தாறு மாதங்களாகக் காலையில் வீட்டு வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது இ.பி.எஸ். (மின்மோட்டார் துணை செய்யும் பவர் ஸ்டீரிங்) விளக்கு எரிகிறது, ஸ்டீரிங் கல்லாகிவிடுகிறது. ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டிருந்தால் நிச்சயம் வருகிறது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வண்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. சமீபத்தில் இரண்டு முறை மேடுபள்ளமான ரோட்டில் போகும்போதும் வந்தது. பேட்டரி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. போன நவம்பர் மழையில் தெருவில் பாதிச் சக்கரம் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, “ஸ்டீரிங் காலம் மொத்தமும் மாத்தணும், 46,000 ரூபாய் ஆகும்” என்று வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். (காலம் என்பது ஸ்டீரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டுப் பகுதி, ஆங்கிலத்தில் column.) தெருமுனை மெக்கானிக், “பவர் ஸ்டீரிங் ஆயில் குறைஞ்சிருக்கும், இல்லேன்னா ஃபியூஸைப் பிடுங்கிட்டு ஓட்டுங்க, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே ஓட்டுனாங்க” என்கிறார். உறவினர் ஒருவர் புதுப்பேட்டையில் 9,000 ரூபாய்க்குப் பழைய காலம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இவருக்கோ வலது தோள்பட்டையில் நாள்பட்ட வலி. யார் சொல்வதைக் கேட்பது, அதுவரை வண்டியை ஓட்டலாமா, ஓடும்போது ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளுமா என்பவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

46,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் முக்கால்வாசி, காலம் கெட்டுப்போனதைவிட அதற்குப் போய்ச் சேரும் கரண்ட் குறைவதைத்தான் காட்டுகின்றன. அதைச் சோதித்துப் பார்க்க அரைமணி நேரமும் ஒரு மல்டிமீட்டரும் போதும். அந்தச் சோதனையை யாருமே செய்யவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட பெரிய ஓட்டை.

முதலில் பயத்தைப் பேசிவிடலாம்

இ.பி.எஸ். நின்றுபோனால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளாது. உங்கள் கையிலிருக்கும் சக்கரத்துக்கும் முன் டயர்களுக்கும் நடுவே இரும்புத் தண்டு, ஜாயின்ட், பல்சக்கரம் என்று நேரடித் தொடர்பு எப்போதும் இருக்கிறது. மோட்டார் செய்வது தள்ளிக் கொடுக்கும் வேலை மட்டுமே. அது நின்றால் முழுச் சுமையும் உங்கள் தோளுக்கு வரும், ஆனாலும் வண்டி நீங்கள் திருப்பிய பக்கம்தான் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மெதுவாகத் திரும்பும்போதும் நிறுத்தும்போதும்தான் கை வலிக்கும்.

உண்மையில் ஆபத்தானது வேறொன்று, அதை நீங்களே செய்திருக்கிறீர்கள். “ஒருமுறை பாலத்து இறக்கத்தில் ஓட்டத்திலேயே சாவியை அணைத்துப் போட்டேன், விளக்கு போய்விட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பதற்றத்தில் சாவி முழுக்கப் பின்னால் போய்க் கையோடு வந்துவிட்டால் அப்போதுதான் திருட்டுப் பூட்டு விழுந்து ஸ்டீரிங் நிஜமாகவே பூட்டும். விளக்கு எரிந்தால் இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு அணையுங்கள்.

ஆயில் விஷயம். உங்கள் வகைக் காரில் ஸ்டீரிங் மோட்டார் டேஷ்போர்டுக்குக் கீழே, காலத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதில் பம்பும் ஹோஸும் ஆயிலும் கிடையாது. மோட்டாரால் ஆயில் பம்பைச் சுற்றும் வேறொரு வகை உண்டு, அதற்கு எஞ்சின் பக்கம் தனி டப்பா இருக்கும். பானெட்டைத் திறந்து பாருங்கள். அப்படி டப்பா இல்லையென்றால் தெருமுனை மெக்கானிக் வாங்கச் சொன்ன ஆயில் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். இல்லாத ஆயில் குறைவதற்கும் வழியில்லை.

காலையில் மட்டும் ஏன்?

நீங்கள் சக்கரத்தைத் திருப்பும்போது காலத்துக்குள் இருக்கும் மெல்லிய முறுக்குத் தண்டு ஒன்று மயிரிழை அளவு முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கிக்கொண்டது என்பதை டார்க் சென்சார் அளந்து கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும். வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விட வேண்டும் என்று யூனிட் முடிவு செய்யும். வேகமாகப் போகையில் அது மிகக் குறைவு. நின்ற இடத்தில் டயரைத் தேய்த்துத் திருப்பும்போதுதான் உச்சம்: சிறிய கார்களிலேயே 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர் என்பதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் காலை நேரத்தை இப்போது இதில் பொருத்துவோம். இரவெல்லாம் சும்மா நின்ற நான்கு வயதுப் பேட்டரி. செல்ஃப் அடித்ததில் இருந்ததில் கொஞ்சம் போய்விட்டது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுவதால் டைனமோ முழு பலத்தில் இல்லை. ஏ.சி. காற்றாடியும் ஹெட்லைட்டும் தங்கள் பங்கை எடுக்கின்றன. அந்த நேரம் பார்த்து நின்ற இடத்தில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கிறீர்கள். யூனிட்டுக்கு வரும் மின்னழுத்தம் சரிகிறது. பெரும்பாலான யூனிட்டுகள் 9, 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் உதவியை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடும். பலவற்றில் ஒருமுறை நிறுத்தினால் சாவியை அணைத்துப் போடும்வரை திரும்ப வேலை செய்யாது. பத்து நிமிட ஓட்டத்தில் பேட்டரி ஏறிவிடுகிறது, அணைத்துப் போட்டதும் யூனிட் புதிதாகத் தன்னைச் சோதித்துக்கொண்டு சரி என்கிறது. காலத்துக்குள் சென்சாரோ மோட்டாரோ செத்திருந்தால் அது இவ்வளவு ஒழுங்காகக் காலை நேரத்தையும் ஏ.சி.யையும் பார்த்து வராது.

மேடுபள்ளத்தில் வந்த இரண்டு முறைதான் வேறு கதை. அது ஆட்டம் கண்ட கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) அல்லது எர்த் போல்ட்டாக (எர்த் ஒயரை வண்டியின் பாடியோடு இணைப்பது) இருக்கலாம். நவம்பர் தண்ணீரும் இதில் சேர்கிறது: முன்சீட்டின் கால்மிதிக்கு அடியில் ஈரம் தங்கினால், அந்தப் பக்கத்து எர்த் போல்ட்டுகளில் துரு பிடிக்க நான்கைந்து மாதம் தாராளம்.

சோதிக்கும் வரிசை

நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரைச் சனிக்கிழமை காலை வண்டியை எடுக்கும் முன்பே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் கடைக்கு ஓட்டிப் போனால் பேட்டரி ஏறிவிடும், நோய் ஒளிந்துகொள்ளும்.

முதலில் டயர் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு வேண்டும். 32 இருக்க வேண்டிய இடத்தில் 22 இருந்தால் மோட்டார் அத்தனை கூடுதல் கரண்ட் இழுக்கும். காசில்லாத வேலை, அதனாலேயே எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து பேட்டரி. எதையும் ஆன் செய்யாமல் அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி, 12க்குக் கீழே என்றால் நோயாளி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பிறகு ஏ.சி., ஹெட்லைட் இரண்டையும் போட்டு ஐட்லிங்கிலேயே அளக்கச் சொல்லுங்கள். 13க்குக் கீழே விழுந்தால் டைனமோ பெல்ட், டைனமோ, பேட்டரி டெர்மினல் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். நம் வெயிலுக்கு நான்கு வருடம் என்பது பேட்டரிக்கு முதுமைதான். ஆனாலும் அளக்காமல் புதுசு வாங்காதீர்கள், பழையது எர்த் ஒயரின் பாவத்தைச் சுமந்துகொண்டு போய்விடும்.

மூன்றாவதுதான் முக்கியமானது, பலரும் தவறாகச் செய்வதும் இதைத்தான். ஒயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்துத் தொட்டுவிட்டு “லைன் இருக்கு” என்பார்கள். முப்பது இழை உள்ள ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். 0.05 ஓம் தடையைச் சாதாரண மீட்டரால் பார்க்கவே முடியாது. ஆனால் அந்த 0.05 ஓம் வழியாக 40 ஆம்பியர் போனால் 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பேட்டரியில் 12 இருந்தும் யூனிட்டுக்கு 10தான் கிடைக்கும். ஆகவே கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். எஞ்சின் ஓடட்டும். ஒருவர் நின்ற இடத்தில் ஸ்டீரிங்கை இடமும் வலமும் திருப்ப வேண்டும் (அது நீங்களாக இருக்க வேண்டாம், தோளைப் பாருங்கள்). மீட்டரின் சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத்தலையில், கறுப்பு முனை யூனிட்டுக்குள் நுழையும் தடித்த பாசிட்டிவ் ஒயரில். திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு: டெர்மினல் கிளாம்ப், எஞ்சின் பக்க ஃபியூஸ் பெட்டியில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும் பெரிய ஃபியூஸ், நடுவில் உள்ள கப்ளர், இவற்றில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். இதேபோல் நெகட்டிவ் ஈயத்தலைக்கும் யூனிட்டின் எர்த் ஒயருக்கும் நடுவே அளக்கட்டும், 0.2க்கு மேல் போகக் கூடாது. என் ஊகம் உங்கள் வண்டியில் இந்தக் கடைசி அளவுதான் அடம்பிடிக்கும் என்பது.

டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் நிறக் கப்ளர்கள் இருந்தால் அவை ஏர்பேக்குக்கு உரியவை. மீட்டர் முனையை அவற்றில் வைக்கவே கூடாது. திருப்பும்போது சுழலும் தண்டு அருகே விரலும் சட்டைக் கையும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எர்த் கெட்டிருந்தால் வைத்தியம் எளிது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் போல்ட்டை எடுத்து, லக்கையும் (ஒயர் நுனியில் உள்ள உலோக வளையம்) பாடித் தகட்டையும் உப்புத்தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசினால் போதும். லக்குக்குள்ளேயே ஒயர் பச்சை பிடித்திருந்தால் வெட்டிப் புது லக் அழுத்த வேண்டும். கப்ளர் பின்களில் பச்சை இருந்தால் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. உப்புத்தாள் வேண்டாம், பின்னின் முலாம் போய்விடும். பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் சில வண்டிகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சிறிது தூரம் ஓட்டினால் தானே போகும். சில வண்டிகளில் ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் போகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டீரிங் எப்போதுமே கனமாக இருந்தால், முன்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, எஞ்சினை அணைத்து, பூட்டு விழாதபடி சாவியைத் திருப்பிவைத்துக் கையால் திருப்பிப் பார்க்கட்டும். தரையைத் தொடாத சக்கரம் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் பிடித்துப் பிடித்து வந்தால் காலத்துக்குக் கீழே உள்ள ஜாயின்ட் கிராஸ் துருப்பிடித்திருக்கிறது. தண்ணீரில் நின்ற வண்டிகளில் சகஜம். இதற்கு விளக்கு எரியாது.

ஸ்கேனரில் என்ன வந்தது என்று எழுதி வாங்குங்கள்

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டதாகச் சொல்கிறீர்கள், ஆனால் ஸ்கேனர் காட்டிய கோளாறுக் கோடு (code) எண் உங்களிடம் இல்லை. அதுதான் நோய்ச் சீட்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஐந்து இலக்கக் கோடு வந்திருக்கும். உங்கள் மாணவர் ஒருவர் இரவல் தந்த ப்ளூடூத் ரீடரில் “கோளாறு இல்லை” என்று வந்ததற்குக் காரணம், அந்த வகை மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும் என்பதுதான்.

கோடு ‘சப்ளை மின்னழுத்தம் குறைவு’ என்றால் மேலே சொன்னதோடு கதை முடிந்தது. வேக சிக்னல் இல்லை என்றால் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) சக்கர சென்சாரையோ கியர்பாக்ஸ் வேக சென்சாரையோ தேட வேண்டும், காலத்தை அல்ல. டார்க் சென்சார் என்றால் கொஞ்சம் கவலைப்படலாம். பல வண்டிகளில் அந்த சென்சார் இரண்டு சிக்னல் அனுப்பும்: கையை எடுத்தால் இரண்டும் 2.5 வோல்ட் பக்கம், ஒரு பக்கம் திருப்பினால் ஒன்று ஏறும் மற்றது அதே அளவு இறங்கும், கூட்டினால் எப்போதும் 5. கூட்டுத்தொகை தவறினால் சென்சாரோ அதன் ஒயரோ கெட்டிருக்கிறது. யூனிட்டுக்குள் கோளாறு என்று வந்தாலும்கூட சப்ளையும் எர்த்தும் சரி என்று அளந்த பிறகுதான் நம்ப வேண்டும்.

எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் “கிளியர் பண்ணிட்டேன்” என்று யாரும் அழித்துவிட விடாதீர்கள்.

மூன்று யோசனைகளும்

ஃபியூஸைப் பிடுங்குவது: “அந்தக் காலத்தில் ஓட்டினார்கள்” என்பது உண்மைதான், ஆனால் அந்தக் காலத்து வண்டி பவர் இல்லாமலே ஓட்டுவதற்காகச் செய்தது. சக்கரத்தைக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும், அதற்கேற்ப லேசாக இருக்கும். உங்கள் வண்டியில் ஸ்டீரிங் பல் விகிதம் மோட்டாரை நம்பி அமைத்தது. அதோடு, கரண்ட் இல்லாத மோட்டாரையும் அதன் வோர்ம் கியரையும் (திருகுப் பல்சக்கரம்) நீங்களே சேர்த்துச் சுற்ற வேண்டும். உங்கள் தோளுக்கு இது ஆகாது. ஒரே ஒரு சூழலில் மட்டும் அந்த மெக்கானிக் சொல்வது சரி: கை வைக்காமலே ஸ்டீரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தாலோ துடித்தாலோ உடனே நிறுத்தி அந்த ஃபியூஸை எடுத்துவிட வேண்டும். பிறகு தோள் நன்றாக உள்ள வேறொருவர் மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகலாம்.

புதுப்பேட்டைக் காலம்: காயலான் கடைப் பொருள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், கண்ணாடியும் கதவுக் கைப்பிடியும் தாராளமாக வாங்குங்கள். ஸ்டீரிங் காலம் அப்படியல்ல. விபத்தில் ஓட்டுநரின் மார்பைக் குத்தாதபடி தனக்குள்ளேயே மடங்கிச் சுருங்கும் விதமாக அதைச் செய்திருக்கிறார்கள். முன்பக்கம் மோதி நொறுங்கிய காரிலிருந்து கழற்றியது ஏற்கெனவே பாதி மடங்கியதாக இருக்கலாம். வெளிப்பார்வைக்குத் தெரியாது, அடுத்த முறை மடங்கவும் செய்யாது. வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து வந்ததென்றால் உங்கள் கோளாறைவிடப் பெரிய கோளாறைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். பார்ட் நம்பர் ஒரு எழுத்து மாறினாலும் யூனிட்டும் சென்சாரும் ஒத்துப்போகாமல் போகலாம். மாட்டிய பிறகு டார்க் சென்சாரின் பூஜ்யப் புள்ளியை ஸ்கேனரில் பதியவைக்க வேண்டிய வண்டிகளில் அதைச் செய்யாவிட்டால் ஸ்டீரிங் ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருக்கும்.

புதுக் காலம்: டார்க் சென்சார் கோடு உறுதியாகி, ஒயரிங் சரி என்று அளந்தும் காட்டினால் இது நியாயமான செலவு. ஆனால் யூனிட் மட்டும் தனியே மாற்றக்கூடிய மாடலா என்று முதலில் கேளுங்கள். பெரிய ரிலேயின் ஈயப் பற்று வெடித்து மேடுபள்ளத்தில் விட்டுவிட்டு வேலை செய்யும் யூனிட்டுகள் உண்டு. அதைப் பிரித்துச் சரிசெய்யும் எலக்ட்ரானிக் கடைகளும் உண்டு. எழுத்தில் வாரண்டி தருபவரிடம் மட்டும் கொடுங்கள். காலத்தைக் கழற்றுபவர் பேட்டரியைக் கழற்றி ஒன்றரை நிமிடமாவது காத்திருந்த பிறகுதான் ஏர்பேக் பக்கம் கை வைக்க வேண்டும். தண்டைப் பிரிக்கும் முன் பெயின்டால் அடையாளக் கோடு போட வேண்டும். பிரித்த பிறகு ஸ்டீரிங் சக்கரத்தைச் சும்மா சுற்றினால் ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் போகும் சுருள் ஒயர் அறுந்து இன்னொரு செலவு வரும்.

பில், உரிமை, இன்ஷூரன்ஸ்

எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள்: கோடு எண், அளந்த வோல்ட், மாற்றப்போகும் பார்ட் நம்பர், கூலி. மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு கோளாறு தீராமலே இருந்தால் அது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். கையில் எழுத்து எதுவும் இல்லாவிட்டால் மட்டும் எங்கே போனாலும் கஷ்டம்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஆசையை வளர்க்க விரும்பவில்லை. முழு பாலிசி என்றால் வெள்ளச் சேதத்துக்கு இடம் உண்டு, ஆனால் உடனே தெரிவித்திருக்க வேண்டும். மாதங்கள் கழித்து வந்த எர்த் துருவை நவம்பர் மழையோடு இணைத்து நிரூபிப்பது கடினம். சாதாரண மின்கோளாறு பாலிசியில் வராது.

அதுவரை ஓட்டலாமா? காலையில் எஞ்சினைப் போட்டு இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். ஏ.சி.யும் ரிவர்ஸ் கேமரா, மியூசிக் சிஸ்டம் எல்லாமும் அணைந்திருக்கட்டும். வண்டி மெல்ல உருளத் தொடங்கிய பிறகு ஸ்டீரிங்கைத் திருப்புங்கள், கோடிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். முடிந்தால் முந்தின மாலையே தலையைத் தெருப்பக்கம் வைத்து நிறுத்திவிடுங்கள். இப்படி உள்ளூருக்குள் ஓட்டலாம். மேடுபள்ளத்தில் விளக்கு எரிவது மூன்றாவது முறையும் நடந்தால், அளந்து முடிக்கும்வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் இரண்டு வாரம் அதே காலை, அதே ரிவர்ஸ், இந்த முறை ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டே எடுத்துப் பாருங்கள். விளக்கு திரும்பி வந்தால் கோடு எண், பேட்டரி வோல்ட், பாசிட்டிவ் பக்கக் குறைவு, எர்த் பக்கக் குறைவு, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். காலமா, யூனிட்டா என்பதை அப்போது பேசலாம்.